பஸ்காவுல கேக் ஓகே, சப்பாத்தி கூடாது: மாட்சா மீல் விஷயத்துல யூத சட்டம் என்னதான் சொல்லுது?

வருஷா வருஷம் யூதர்களோட பஸ்கா பண்டிகை நெருங்கினா இஸ்ரேல் சூப்பர்மார்க்கெட் போட்டோ ஒண்ணு சுத்த ஆரம்பிச்சிடும். பிரெட், பாஸ்தா, பிஸ்கட் இருக்கற ஷெல்ஃப் மொத்தத்தையும் பிளாஸ்டிக் ஷீட்டால மூடி டேப் ஒட்டி வச்சிருப்பாங்க. ஆனா அதே கடையில நாலடி தள்ளிப் பார்த்தா சாக்லேட் கேக், பிரவுனி எல்லாம் ‘பஸ்காவுக்கு கோஷர்’ (யூத உணவுச் சட்டப்படி சாப்பிடலாம்) முத்திரையோட அடுக்கியிருக்கும், அதுல பாதி பாக்கெட்டோட பின்பக்கம் முதல் பொருளே ‘மாட்சா மீல்’, அதாவது மாட்சாங்கற புளிப்பில்லாத அப்பத்தை அரைச்ச தூள், பெரும்பாலும் கோதுமை. கோதுமை பிரெட்டை பிளாஸ்டிக் போட்டு மூடிட்டு கோதுமை கேக்கை விக்கிறாங்களே, இது என்ன கணக்குன்னு கேக்கறவங்களைக் குறை சொல்ல முடியாது.

இதுக்கு நடுவுல அரசியல் வேற. 2022 ஏப்ரல்ல ஆஸ்பத்திரிக்குள்ள ரொட்டி கொண்டு வரலாமாங்கற சண்டை இஸ்ரேல்ல ஒரு கூட்டணி அரசோட மெஜாரிட்டியையே காலி பண்ணுச்சு. அதுக்குக் கடைசில வருவோம், முதல்ல மாவு.

ஹமேட்ஸ்னா என்ன

தமிழ் பைபிள்ல இந்தப் பண்டிகைக்குப் ‘புளிப்பில்லாத அப்பப்பண்டிகை’ன்னு பேரு. எகிப்துலேர்ந்து அவசரமா கிளம்பினதால பிசைஞ்ச மாவு புளிக்கவே நேரமில்லாமப் போச்சுன்னு யாத்திராகமம் 12-ம் அதிகாரம் சொல்லுது. பேரென்னவோ சரிதான், ஆனா நமக்குப் புளிப்புன்னாலே நாக்குல படற ருசியும், பாத்திரத்துல பொங்கி வழியற மாவும்தான் ஞாபகம் வரும். யூத சட்டம் ருசியையும் பார்க்கறதில்ல, உப்பலையும் பார்க்கறதில்ல. அது பார்க்கறது மூணே மூணு விஷயம், மூணும் சேர்ந்தா அந்தப் பொருள் ‘ஹமேட்ஸ்’.

1. தானியம். கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் (ஒரு பழைய கோதுமை வகை), இந்த 5 மட்டும்தான். வேற எந்த மாவும் ஹமேட்ஸ் ஆகவே முடியாது.
2. தண்ணி. சுடாத, வேகாத மாவுல தண்ணி படணும்.
3. நேரம். தண்ணி பட்டு, பிசையாம சும்மா கிடந்து 18 நிமிஷம் தாண்டணும்.

இந்த 18 எங்கேர்ந்து வந்துச்சுன்னா, தல்மூத்ல (யூத சட்ட விவாதங்களோட பழைய தொகுப்பு) மாவு புளிக்கற நேரத்துக்கு ஒரு அளவு சொல்லியிருக்கு, மிக்தால் நூனியாங்கற ஊர்லேர்ந்து திபேரியா ஊருக்கு நடக்கற நேரம், அது ஒரு ‘மில்’ தூரம், கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். அதை நிமிஷமா மாத்தி 18-ன்னு நிலைநிறுத்தினது 16-ம் நூற்றாண்டுல யோசேப் காரோ தொகுத்த ‘ஷுல்ஹான் ஆரூக்’ங்கற சட்டத்தொகுப்பு. சூடான இடத்துல இதைவிடச் சீக்கிரமாவே புளிச்சிடும், அதனால 18 வரைக்கும் தாராளமா காத்திருக்கலாம்னு அர்த்தம் எடுத்துக்கக் கூடாது. கை விடாம பிசைஞ்சுட்டே இருந்தா கடிகாரம் ஓடாதுன்னும் சட்டம் இருக்கு, ஆனா யாரும் அதை நம்பி ரிஸ்க் எடுக்கறதில்ல.

கடையில வாங்கற சாதா கோதுமை மாவைக்கூடப் பஸ்காவுல தொட மாட்டாங்க, ஏன்னா மில்லுல அரைக்கறதுக்கு முன்னாடி கோதுமையை ஈரப்படுத்தறது வழக்கம்.

தடையோட வலுவும் வேற லெவல். பொதுவா தடை செஞ்ச உணவுன்னா சாப்பிடக்கூடாது, அவ்வளவோட முடிஞ்சிடும். ஹமேட்ஸைச் சாப்பிடக்கூடாது, அதால எந்த லாபமும் அடையக்கூடாது, சொந்தமா வச்சிருக்கவும் கூடாது. அதனாலதான் பண்டிகைக்கு முன்னாடி யூதரல்லாத ஒருத்தருக்கு எழுதிக் கொடுத்து வித்துடறாங்க, இஸ்ரேல் அரசாங்கமே தன்கிட்ட இருக்கற ஹமேட்ஸை இப்படி விக்குது. இன்னொண்ணு, மத்த தடைப் பொருள் தவறிப்போய் சாப்பாட்டுல விழுந்தா பெரும்பாலும் 60-ல ஒரு பங்குக்குக் கீழ இருந்தா கரைஞ்சு போச்சுன்னு விட்டுடுவாங்க. பஸ்கா நாட்கள்ல ஹமேட்ஸுக்கு அந்தச் சலுகை கிடையாது, ஒரு துளி விழுந்தாலும் மொத்தமும் போச்சு. இந்த ஒரு விதியை மனசுல வச்சுக்கோங்க, கீழ வர்ற எல்லாச் சண்டைக்கும் வேர் இதுதான்.

மாட்சா: கடிகாரத்தோட ஓட்டப்பந்தயம்

மாட்சாவும் அதே 5 தானியத்துல ஒண்ணுலதான் பண்ணணும். கையால சுடற பேக்கரிகள் புரூக்ளின்லயும் இருக்கு, ஜெருசலேம்லயும் இருக்கு, வேலை நடக்கற விதம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். மாவுக்குத் தனி ரூம், தண்ணிக்குத் தனி ரூம், மாவு அள்ளறவர் தண்ணிப் பக்கம் வர மாட்டாரு, தண்ணி ஊத்தறவர் மாவுல கை வைக்க மாட்டாரு. தண்ணி முந்தின நாள் பொழுது சாயற நேரத்துல எடுத்து ஒரு ராத்திரி முழுக்க ஆற வச்சது. ரெண்டும் கிண்ணத்துல சேர்ந்த நொடியிலேர்ந்து எல்லாரும் பறப்பாங்க. பிசையறவர் உருண்டையைத் தள்ள, காகிதம் விரிச்ச நீள மேஜையில வரிசையா நின்னு உருட்டுவாங்க, ஒருத்தர் முள்ளுச் சக்கரத்தால ஓட்டை போடுவாரு, இன்னொருத்தர் நீளக் கம்புல தொங்க விட்டு அடுப்புக்குள்ள விரிப்பாரு. அடுப்பு அவ்வளவு கொதிக்கறதால ஒரு நிமிஷத்துக்குள்ள வெந்து வெளிய வந்துடும். ரவுண்டு முடிஞ்சா மேஜைக் காகிதத்தைக் கிழிச்சுப் போட்டு, உருட்டுக்கட்டையை மாத்தி, நகத்துக்கடியில மாவு ஒட்டியிருக்கான்னு பார்த்துட்டு அடுத்த ரவுண்டு.

அதுக்கப்புறம் ஒவ்வொண்ணா சோதிக்க ஒரு ஆள். அடுப்புல போடும்போது ஒரு ஓரம் மடங்கி ஒட்டிக்கிட்டா அந்த மடிப்புக்குள்ள சரியா வேகாது, அதை ஒதுக்கிடுவாங்க. நடுவுல பெருசா உப்பி ரெண்டு தோலா பிரிஞ்சிருந்தாலும் அதே கதி.

19-ம் நூற்றாண்டுல மெஷின் வந்துச்சு, 1838-ல அல்சாஸ் பகுதியில ஐசக் சிங்கர்னு ஒருத்தர் மாவு உருட்டற இயந்திரம் கண்டுபிடிச்சாரு. 1859-ல இதை வச்சுப் பெரிய ரப்பிகளுக்குள்ளயே (யூத மதகுருக்கள்) சண்டை, பிரோடி ஊர் சாலமன் க்ளூகர் கூடாதுன்னாரு, லெம்பர்க் ஊர் ஜோசஃப் சால் நாதன்சன் தாராளமா பண்ணலாம்னாரு. இன்னிக்கு டப்பாவுல வர்ற சதுர மாட்சா பெரும்பாலும் மெஷின்ல பண்ணதுதான், அதை அரைச்சதுதான் நம்ம ஹீரோ மாட்சா மீல். கொரகொரன்னு ரவை மாதிரி இருந்தா மீல், இன்னும் நைஸா சலிச்சா ‘கேக் மீல்’.

சுட்டது மறுபடி புளிக்காது

குழப்பம் தீர்ற இடம் இது. யூத சட்டத்துல ஒரு கொள்கை இருக்கு: சுட்டு முடிஞ்சதுக்கு அப்புறம் புளிப்புன்னு ஒண்ணு இல்ல. மாவு முழுசா வெந்துட்டா ஹமேட்ஸ் ஆகற சக்தி அதோட போயிடுது, அப்புறம் அதைத் தண்ணியில ஊற வைங்க, அரைச்சுப் பிசைங்க, மணிக்கணக்கா ஊற விடுங்க, ஒண்ணும் ஆகாது. வறுத்த பயறு முளைக்குமா? அதே கதைதான். அதனால தண்ணி பட்டு அரை மணி நேரம் கிடந்த சப்பாத்தி மாவு, எவ்வளவு மெல்லிசா தேய்ச்சாலும், பஸ்காவுல பெரும் குற்றம். மாட்சா மீல்ல பண்ணி ரெண்டு இன்ச் உயரத்துக்கு எழும்பின கேக் சட்டப்படி சுத்தம்.

வேதியியலும் இதுக்கு ஒத்துப்போகுது. சூட்டுல கோதுமையோட புரதம் இறுகிடும், மாவுல இயற்கையா இருக்கற ஈஸ்ட் செத்துடும், அதனால மாட்சா மீலைப் பிசைஞ்சா இழுவை வராது, காத்தைப் பிடிச்சு வைக்கற வலை உருவாகாது. அப்போ கேக் எப்படி எழும்புது? முட்டை. பஸ்கா ஸ்பாஞ்ச் கேக்குக்கு ஏழெட்டு முட்டை சாதாரணம், வெள்ளைக்கருவைத் தனியா எடுத்து நுரை நிக்கற வரைக்கும் அடிச்சு, மெதுவா கேக் மீலைக் கலந்து சுடுவாங்க. நிறைய பேர் மீலோட பாதி உருளைக்கிழங்கு மாவு சேர்ப்பாங்க, இல்லேன்னா தொண்டையில அடைக்கும்.

பேக்கிங் சோடா போடலாமான்னு கேட்டா, போடலாம். சோடாவும் ஆசிடும் சேர்ந்து வாயு வர்றது ஒரு ரசாயன வேலை, ஹமேட்ஸ்ங்கறது 5 தானிய மாவு தண்ணியில ஊறிப் புளிக்கறது மட்டும்தான். உப்பற எதையும் தடை பண்ணல, அப்படி இருந்தா ஆம்லெட்டையும் தடை பண்ணணும். பண்டிகையோட உணர்வுக்கு இது பொருந்துமா, ‘அவசர அப்பம்’ திங்க வேண்டிய வாரத்துல மூணடுக்கு கேக்கான்னு முகம் சுளிக்கறவங்க உண்டு, அது நியாயமான கேள்விதான், ஆனா அது ரசனை பத்தின கேள்வி, சட்டம் அதைக் கேக்கல.

சமையல்கட்டுல உண்மையில வழுக்கற இடங்கள் இவை:

1. எல்லா மாட்சாவும் பஸ்கா மாட்சா இல்ல. வருஷம் முழுக்க விக்கற மாட்சா டப்பாவுல ‘பஸ்காவுக்கு அல்ல’ன்னே போட்டிருக்கும், ஏன்னா அதுல பஸ்காவுக்கான நேரக் கணக்கோ மேற்பார்வையோ கிடையாது. அதை வாங்கி வீட்டுல அரைச்சா நேரா ஹமேட்ஸ்.
2. சாதா பேக்கிங் பவுடர்ல சோள மாவு இருக்கும், ஐசிங் சுகர்லயும் அதேதான். அஷ்கெனாஸி (ஐரோப்பிய மரபு யூதர்) வீடுகள்ல அதுவும் ஆகாது, காரணம் கீழ வருது. பஸ்கா வெர்ஷன்ல உருளைக்கிழங்கு மாவு போட்டிருப்பாங்க.
3. வெனிலா எசென்ஸ். அதுல இருக்கற ஆல்கஹால் தானியத்துலேர்ந்து எடுத்ததா இருக்கலாம்.
4. ஓவன், கேக் டின், முட்டை அடிக்கற பீட்டர். வருஷம் முழுக்க பிரெட் சுட்ட டின்னுல பஸ்கா கேக் சுட முடியாது, நிறைய வீடுகள்ல இதுக்குன்னே ஒரு செட் பாத்திரம் பரண்ல கிடக்கும்.

அப்போ சில யூதர்கள் ஏன் மாட்சா மீலைத் தொடவே மாட்டாங்க?

சட்டம் அனுமதிச்சும் ஒதுக்கறவங்க ஹசிடிக் பிரிவினர் (பக்தி இயக்க வழி வந்த யூதர்கள்), அதுலயும் ‘சபாத்’ங்கற ஹசிடிக் இயக்கத்துல (ஓய்வுநாள் வேற, இது வேற) ரொம்பக் கறார். ‘கெப்ரோக்ட்ஸ்’னு ஒரு இட்டிஷ் (அஷ்கெனாஸிகளோட பேச்சுமொழி) வார்த்தை, ‘உடைச்சது’ன்னு அர்த்தம், ஆனா நடைமுறையில ஈரம் பட்ட மாட்சான்னுதான் பொருள். கெப்ரோக்ட்ஸ் சாப்பிடாதவங்க வீட்டுல மாட்சாவை சூப்புல நனைக்க மாட்டாங்க, மாட்சா மீல் கேக் கிடையாது, அஷ்கெனாஸி பஸ்காவோட அடையாளமான ‘க்னைட்லஹ்’ங்கற மாட்சா உருண்டை சூப்பும் கிடையாது. சாப்பாட்டு மேஜையில மாட்சாவைத் துணியால மூடியே வைப்பாங்க, ஒரு துகள் பறந்து போய் சூப்புல விழுந்துடக் கூடாதே.

பயம் என்னன்னா, சுட்ட மாவு புளிக்காதுங்கறது சரி, ஆனா அந்த மாட்சாவுல சுடாத மாவு எங்கயாவது பிசையாம ஒளிஞ்சிருந்தா? சபாத் இயக்கத்தோட நிறுவனர் ஷ்னேயூர் சல்மான் (1745–1812) இதை ஒரு பதில் கடிதத்துல விளக்கறாரு. அந்தக் காலத்துல புளிச்சுடுமோங்கற பதட்டத்துல ஜனங்க வேகவேகமா, கட்டியா பிசைய ஆரம்பிச்சாங்க, அப்படிப் பிசைஞ்சா அங்கங்க ஈரம் படாத மாவு திட்டுத்திட்டா நின்னுடும், அது அடுப்புல காய்ஞ்ச மாவாவே தங்கி, அப்புறம் சூப்புல விழும்போது தண்ணி பட்டுப் புளிக்கலாம். சட்டப்படி இது அனுமதிக்கப்பட்டதுதான்னு அவரே ஒத்துக்கறாரு, ஆனா தனக்குத்தானே கண்டிப்பா இருக்கறவனுக்கு ஆசீர்வாதம்ங்கறாரு. ஒரு கவலையைத் தீர்க்கப் பண்ண அவசரமே இன்னொரு கவலையைப் பெத்துப் போட்டிருக்கு பாருங்க. துளி விழுந்தாலும் மொத்தமும் போச்சுங்கற விதியோட இதைச் சேர்த்துப் படிச்சா அவங்க பயம் புரியும். மாட்சா மீல் பார்க்க மாவு மாதிரியே இருக்கறதால, பார்க்கறவங்க நிஜ மாவுல சுடலாம்னு தப்பா நினைச்சுக்குவாங்கங்கற காரணமும் சொல்றதுண்டு.

எதிர்ப்பக்கம் ஹசிடிக் அல்லாத லித்துவேனிய மரபுக்காரங்க. சுட்டது புளிக்காதுன்னு சட்டம் தெளிவா இருக்கும்போது பண்டிகை சந்தோஷத்தை ஏன் கெடுத்துக்கணும்னு அவங்க தட்டு நிறைய க்னைட்லஹ் போட்டுச் சாப்பிடுவாங்க. செஃபார்டி யூதர்கள் (ஸ்பெயின் மரபுலேர்ந்து வந்தவங்க) இந்த வழக்கத்தை எடுத்துக்கவே இல்ல, மாட்சாவை நனைச்சு அடுக்கி இறைச்சி வச்சு ‘மினா’ன்னு ஒரு பை சுடுவாங்க. என் கணக்குல ரெண்டு தரப்பும் ஒரே சட்டத்தைத்தான் வாசிக்கறாங்க, ஒருத்தர் விதியை நம்பறாரு, இன்னொருத்தர் பேக்கரியை நம்பல.

இஸ்ரேலுக்கு வெளிய பஸ்கா 8 நாள், இஸ்ரேல்ல 7. அந்த 8-வது நாள் தோராவுல (மோசேயோட ஐந்து நூல்கள்) சொன்னதில்ல, பின்னாடி ரப்பிகள் சேர்த்தது, அதனால அன்னிக்கு மட்டும் ஹசிடிக் வீடுகள்ல கெப்ரோக்ட்ஸ் தடை தளர்ந்துடும். தளர்றதென்ன, சபாத் வீடுகள்ல அன்னிக்கு வேணும்னே மாட்சாவை சூப்பு, தயிர், கீரைன்னு எல்லாத்துலயும் முக்கி எடுப்பாங்க. இஸ்ரேல்ல அந்த நாளே இல்லாததால அங்க இருக்கற ஹசிடிக் குடும்பங்களுக்கு க்னைட்லஹ் பெரும்பாலும் பண்டிகை முடிஞ்சுதான்.

பக்கத்துல இருக்கற ரெண்டு குழப்பம்

முட்டை மாட்சா: தண்ணிக்குப் பதிலா பழச்சாறு ஊத்திப் பிசைஞ்சா மாவு ஹமேட்ஸ் ஆகாதுன்னு தல்மூத்ல இருக்கு, முட்டைக்கும் அதே கணக்குதான், ஆனா கூட ஒரு சொட்டு தண்ணி சேர்ந்தா சாதாவைவிட வேகமா புளிக்கும்ங்கறது பயம். அதனால க்ராகோவ் ஊர் ரப்பி மோசஸ் இஸ்ஸர்லெஸ் காலத்துலேர்ந்தே அஷ்கெனாஸிகள் நோயாளிக்கும் வயசானவங்களுக்கும் மட்டும்தான் விடறாங்க. மாட்சா மீலோட இதைப் போட்டுக் குழப்பிக்காதீங்க, இது சுடறதுக்கு முன்னாடி நடக்கற விஷயம், அது சுட்ட பின்னாடி.

கிட்னியோட்: அரிசி, பருப்பு, பீன்ஸ், சோளம், கடுகு வகையறா. தல்மூத்படி அரிசி புளிக்கறது ஹமேட்ஸே இல்ல, அது வெறும் கெட்டுப்போறது. அந்தக் கணக்குல பார்த்தா ராத்திரி முழுக்கப் பொங்கின நம்ம இட்லி மாவு ஹமேட்ஸ் இல்ல! ஆனா 13-ம் நூற்றாண்டு வாக்குல ஐரோப்பிய அஷ்கெனாஸிகள் இந்த மொத்தக் கூட்டத்தையும் ஒதுக்க ஆரம்பிச்சாங்க, கோதுமை கலந்துடும், மாவாக்கினா வித்தியாசம் தெரியாதுன்னு. செஃபார்டிகள் அரிசியைப் பொறுக்கிச் சுத்தம் பண்ணிச் சாப்பிடறாங்க. 2015 டிசம்பர்ல அமெரிக்காவோட கன்சர்வேட்டிவ் யூதப் பிரிவு அஷ்கெனாஸிகளும் சாப்பிடலாம்னு தீர்ப்பு சொல்லிடுச்சு, பழைய முறையில கறாரா இருக்கற ஆர்த்தடாக்ஸ் தரப்பு அசையல.

சுட்டதும் வேகவச்சதும் ஒண்ணில்ல

பஸ்காவுக்கு முந்தின பகல்ல மாட்சா சாப்பிடக்கூடாது, ராத்திரி செடர் விருந்துல பசியோட, ஆசையோட சாப்பிடணும்னு. அப்போ மாட்சா மீல் கேக்? ஓவன்ல சுட்டதுன்னா அதுவும் மாட்சா கணக்குல வரும், கூடாது. அதே மீலைத் தண்ணியில வேகவச்ச க்னைட்லஹ்னா சாயங்காலத்துக்குக் கொஞ்சம் முன்ன வரைக்கும் சாப்பிடலாம், கொதிச்சதுல அது மாட்சாங்கற அந்தஸ்தை இழந்துடுது. ஒரே டப்பா மீல், அடுப்பு மாறினா சட்டம் மாறுது. செடர்ல மாட்சா சாப்பிட்டே ஆகணும்ங்கற கடமையை எந்தக் கேக்காலயும் நிறைவேத்த முடியாது, அதுக்கு மாவும் தண்ணியும் மட்டும் சேர்ந்த ‘ஏழ்மை அப்பம்’தான் வேணும்.

இது எப்படி அரசியலாச்சு

இஸ்ரேல்ல 1986-ல ஒரு சட்டம் வந்துச்சு, யூதர்கள் பெரும்பான்மையா இருக்கற இடத்துல பஸ்கா சமயம் ஹமேட்ஸை விற்பனைக்குப் பொதுவெளியில காட்சிக்கு வைக்கக் கூடாதுன்னு. 2008-ல ஜெருசலேம்ல ஒரு நீதிபதி, கடைக்குள்ள ஹோட்டலுக்குள்ள வைக்கறது ‘பொதுவெளி’ இல்லன்னு தீர்ப்பு சொன்னாங்க. அடுத்து ஆஸ்பத்திரி. வாசல்ல காவலாளி பையைத் திறந்து ரொட்டி இருக்கான்னு தேடறது சரியான்னு வழக்கு போச்சு, 2020-ல உச்ச நீதிமன்றம் அப்படித் தடுக்க முடியாதுன்னு சொல்லிடுச்சு. 2022-ல சுகாதார அமைச்சர் நிட்சன் ஹோரோவிட்ஸ் அந்தத் தீர்ப்பை அமல்படுத்தச் சொல்லி ஆஸ்பத்திரிகளுக்கு எழுத, ஏப்ரல் 6-ம் தேதி கூட்டணியோட தலைமைக் கொறடா இடித் சில்மான் வெளியேறிட்டாங்க, இதை ஒரு காரணமா சொல்லி. 120 பேர் சபையில 61 பேரோட நின்ன அரசு 60-க்கு வந்துச்சு, ஜூன் கடைசியில சபையே கலைஞ்சுது. 2023 மார்ச்ல புது அரசு, ஆஸ்பத்திரி நிர்வாகமே தடை போட்டுக்கலாம்னு சட்டம் போட்டுடுச்சு.

மதச்சார்பற்றவங்க பார்வையில இது தனிமனித உரிமை: என் பை, என் சாப்பாடு. மறுபக்கத்துக்குக் கவலை பொது ஃப்ரிட்ஜ், பொது மேஜை, பக்கத்துப் படுக்கைக்காரரோட பிரெட் துகள், காரணம் அதே துளி விதி. ரெண்டு பக்கமும் பேசறது வேற வேற விஷயம், அதனாலதான் இது முடியவே மாட்டேங்குது.

யூத நண்பருக்கு ஏதாவது வாங்கிட்டுப் போறதா இருந்தா

1. லேபிள்ல வெறும் ‘கோஷர்’ போதாது, ‘பஸ்காவுக்கு கோஷர்’னு இருக்கணும்.
2. ‘கெப்ரோக்ட்ஸ் இல்லாதது’ன்னு போட்டிருந்தா உள்ள மாட்சா மீல் இல்ல, உருளைக்கிழங்கு மாவும் பாதாமும் வச்சுப் பண்ணது, ஹசிடிக் வீட்டுக்கும் போகும்.
3. ‘கிட்னியோட் சாப்பிடறவங்களுக்கு மட்டும்’னு இருந்தா முதல்ல அவங்க செஃபார்டியா அஷ்கெனாஸியான்னு கேட்டுக்கோங்க.
4. வீட்டுல சுட்ட கேக் வேணாம், எவ்வளவு பார்த்துப் பார்த்துப் பண்ணியிருந்தாலும் உங்க ஓவன்ல பிரெட் சுட்டிருப்பீங்க. பழம் வாங்கிட்டுப் போங்க, முழுசா, வெட்டாம.